மலைக்கு உடுத்தும் ஆடை

திருமறையின் அல்அஃராஃப் அத்தியாயத்தில் ஆடையைப் பற்றிப் பேசும் இடத்தில் 'ரீஷ்' என்றொரு சொல் வருகிறது. மானத்தை மறைப்பதற்கும் அலங்காரத்திற்குமாக ஆதத்தின் மக்களுக்கு ஆடை அருளப்பட்டது என்பது அங்குள்ள கருத்து. விரிவுரையாளர்கள் அச்சொல்லுக்கு அலங்காரம் என்று பொருள் உரைப்பார்கள். அகராதியைப் புரட்டினாலோ, பறவையின் இறகு என்ற பொருள் முன்னே வந்து நிற்கும். பாடம் நடத்தும்போது இவ்விடத்தில் நான் சற்று நின்றே போவது வழக்கம். பறவைக்கு இறகு எதற்காக என்று மாணவர்களைக் கேட்பேன். மயிலை நினைத்தவன் அழகுக்கு என்பான். பருந்தை நினைத்தவன் பறப்பதற்கு என்பான். கோழி வளர்க்கும் வீட்டுப் பிள்ளை, குளிருக்கும் மழைக்கும் என்று சொல்லிவிடுவான். மூவரும் சொல்வது உண்மைதான். மூன்று வேலைக்கு மூன்று இறகு இல்லை. ஒன்றே மூன்றையும் செய்கிறது.

அந்நஹ்ல் அத்தியாயத்திலும் ஆடை பேசப்படுகிறது. அங்கே வெப்பத்திலிருந்து காக்கும் சட்டைகள் ஓர் அருட்கொடையாகச் சொல்லப்படுகின்றன. குளிரைச் சொல்லாமல் வெப்பத்தைச் சொன்னது ஏன் என்று பண்டைய விரிவுரையாளர்கள் ஆராய்ந்திருக்கிறார்கள். முதலில் கேட்டவர்கள் வெப்ப நாட்டார் என்பது அவர்கள் தந்த விடைகளுள் ஒன்று. எங்கள் திருச்சுழிச் சீமையில் சித்திரை வெயிலில் ஒரு நாள் நடந்தவருக்கு அந்த விளக்கம் கூடத் தேவைப்படாது.

இந்த இரண்டு இடங்களையும் இப்போது எடுத்துப் பேசக் காரணம், எங்கள் வீட்டில் எழுந்த ஒரு வழக்கு. மலையேறப் போகும் பெண் எதை உடுத்துவது என்பதே அவ்வழக்கு.

எங்கள் ஊர்ப்பக்கம் சமநிலம். கரிசல், கண்மாய், சீமைக்கருவேலம், ஆண்டில் பெரும்பகுதி மணலாகக் கிடக்கும் குண்டாறு. மலை பார்க்க வேண்டுமானால் மதுரைப் பக்கம்தான் போக வேண்டும். அங்கே யானைமலை, நாகமலை, சமணர் மலை, அழகர்மலை என்று ஊரைச் சுற்றிலும் குன்றுகள். 2010-ஆம் ஆண்டு யானைமலையைச் சிற்ப நகரமாக்கும் திட்டம் எழுந்து மக்கள் எதிர்த்தபோது, எழுத்தாளர் அ. முத்துகிருஷ்ணன் முதலானோர் 'பசுமை நடை' என்ற பெயரில் இக்குன்றுகளுக்குக் கூட்டாக நடந்து செல்லும் வழக்கத்தைத் தொடங்கினார்கள். அதன்பின் குடும்பம் குடும்பமாக விடுமுறை நாளில் குன்றேறுவது அந்தப் பக்கத்தில் பரவியது. கல்லூரியில் படிக்கும் என் மகள் அதைக் கேள்விப்பட்டு, "அத்தா, நாமும் சமணர் மலைக்குப் போவோம். அம்மாவும் மேலே வரட்டும்" என்றாள்.

'அம்மாவும் மேலே வரட்டும்' என்பதில்தான் சிக்கல் இருந்தது. நம் வீட்டுப் பெண்கள் மலைக்குப் போகாதவர்கள் அல்லர். போய் அடிவாரத்தில் பாய் விரித்து அமர்ந்து, மேலே சென்றவர்களின் செருப்புக்கும் சோற்றுப் பாத்திரத்துக்கும் காவல் இருந்துவிட்டு வருவார்கள். காரணம் கேட்டால் மூட்டு வலி என்பார்கள். உண்மைக் காரணம் காலில் சுற்றும் சேலையும், அதற்கு மேல் வழுக்கும் செயற்கை இழைப் பர்தாவும், தேய்ந்த ரப்பர்ச் செருப்பும்தான். என் மனைவிக்கு ஐம்பது வயது. மக்காவில் ஸபா மர்வாவுக்கிடையே ஏழு முறை தளராமல் நடந்த கால்கள் அவை. ஆனால் எங்கள் மாவட்டத்தை அடுத்த ஒரு குன்றையும் அவள் உச்சியிலிருந்து கண்டதில்லை.

மகள் வேறொன்றும் சொன்னாள். உடை வசதியாக இருந்தால் மட்டும் போதாது, பார்க்க நன்றாகவும் இருக்க வேண்டும் என்றாள். இதைக் கேட்ட என் மூத்த தமக்கையார், "கல்லுல ஏறப் போறவளுக்கு மினுக்கு எதுக்குத் தம்பி? இருக்கிறதுல பழசா ஒன்னை மாட்டிக்கிட்டுப் போகட்டும்" என்றார். தமக்கையார் வெள்ளைத் துப்பட்டி போர்த்திப் பழகிய தலைமுறை. அவர் சொல்வதில் நியாயம் இல்லாமல் இல்லை. ஆயினும், தம் ஆடையும் செருப்பும் அழகாக இருக்க வேண்டும் என்று ஒருவர் விரும்புவது பெருமையாகுமா என்ற கேள்வி பெருமானார் (ஸல்) அவர்களிடமே கேட்கப்பட்டிருக்கிறது. இறைவன் அழகை விரும்புகிறான், பெருமை என்பது உண்மையை மறுப்பதும் மக்களை இழிவாக எண்ணுவதுமே என்ற கருத்தில் விடை வந்தது. முஸ்லிம் நூலில் உள்ள செய்தி இது. கேட்டவர் செருப்பையும் சேர்த்துக் கேட்டது எனக்கு எப்போதும் மகிழ்ச்சி தருவது.

உடையைப் பார்த்து ஆளை அளப்பதில் பெரியவர்களும் சறுக்கியதுண்டு. எட்டயபுரத்து உமறுப்புலவர் சீறாப்புராணம் பாடுவதற்கு வரலாற்றுக் குறிப்புகள் வேண்டி ஸதக்கத்துல்லாஹ் அப்பா அவர்களிடம் சென்றபோது, புலவரின் அரசவைக் கோலத்தைக் கண்டு அப்பா முதலில் மறுத்துவிட்டார்கள் என்றும், பின்னர் மனம் மாறினார்கள் என்றும் நம்மிடையே ஒரு மரபு வழங்குகிறது. அந்த மறுப்பு அப்படியே நின்றிருந்தால் நமக்குச் சீறா ஏது? மறு எல்லைக்கும் எங்கள் ஊரிலேயே சான்று உண்டு. 1879-இல் திருச்சுழியில் பிறந்த ரமணர், 1896-இல் திருவண்ணாமலைக்குச் சென்று சேர்ந்ததும் கோவணத்தோடு நின்று, உடை பற்றிய கேள்வியை ஒரே நாளில் தீர்த்துக்கொண்டார். குடும்பஸ்தர்களுக்கு அந்த வழி ஆகாது.

வழி தேடி நான் புத்தகத்தைப் புரட்டவில்லை. கரிசல் காட்டைப் பார்த்தேன். சீமைக்கருவேலம் வெட்டிக் கரிமூட்டம் போடும் பெண்களைப் பாருங்கள். சேலையைக் கெண்டைக்கால் தெரிய உயர்த்திக் கட்டி, அதன்மேல் ஆண்களின் பழைய முழுக்கைச் சட்டையை மாட்டி, தலையில் பருத்தித் துண்டை இறுகச் சுற்றியிருப்பார்கள். கை முழுதும் மூடியிருப்பதால் முள் கீறாது, வெயில் சுடாது. தளர்வாக இருப்பதால் காற்று புகும். துண்டு வியர்வையை வாங்கும். முள்ளும் வெயிலும் நிறைந்த வெளியில் நடமாடும் உடையை அந்த ஏழைப் பெண்கள் யாரும் கற்றுக்கொடுக்காமலே கண்டுபிடித்திருக்கிறார்கள். உடலை மூடுவது வெப்ப நாட்டில் தொல்லை என்று எண்ணுவோர் அவர்களைக் கண்ட பிறகு பேசட்டும்.

துணியில் தொடங்கினோம். மேல்நாட்டு மலையேறிகள் பருத்தி கூடாது என்பார்கள். பனிமலைக்கு அது சரியான சொல். பருத்தி ஈரத்தைக் குடித்து வைத்துக்கொள்ளும்; குளிர்ந்த இடத்தில் நனைந்த பருத்தி உடம்பின் சூட்டை உறிஞ்சிவிடும். கொடைக்கானலில் மழைக்காலத்தில் நடப்பவருக்குக் கம்பளியோ விரைவில் உலரும் செயற்கை இழையோ நல்லது. ஆனால் நம் வறண்ட குன்றுகளில் அந்தக் குறையே குணமாகிறது. வியர்வையைக் குடித்த பருத்தி, காற்றுப் பட்டு மெல்ல உலரும்போது உடம்பைக் குளிர்விக்கிறது. சாதாரணக் காற்றில் பருத்தி தன் எடையில் நூற்றுக்கு 8 பங்கு அளவு ஈரத்தை ஏற்கும். பாலியஸ்டர் அரைப் பங்கைக்கூட ஏற்பதில்லை. நெருங்க நெய்த வழவழப்பான துணியாக இருத்தல் இன்னும் நன்று. ஒட்டுப்புல்லும் நெருஞ்சியும் எளிதில் தொற்றா. பக்கத்திலேயே அருப்புக்கோட்டைத் தறிகள் இருக்க, வெளியூர்க் கடைக்கு அலைய வேண்டிய தேவையும் எங்களுக்கு இல்லை.

அடுத்தது நிறம். கறுப்பு வெயிலை இழுக்கும், ஆகவே பர்தாவைக் கழற்றினால்தான் மலையேற முடியும் என்று சிலர் சொல்வார்கள். கறுப்பேதான் வேண்டும் என்று சிலர் பிடிவாதம் செய்வார்கள். 1980-இல் 'நேச்சர்' என்னும் புகழ்பெற்ற அறிவியல் இதழில் ஓர் ஆய்வு வெளிவந்தது. பாலைவனத்து பதூயீன்கள் வெயிலில் கறுப்பு அங்கி உடுத்துவது ஏன் என்பதே அதன் கேள்வி. கறுப்புத் துணி வெள்ளையைவிட மிகுதியாகச் சூடேறியது உண்மை. ஆனால் அங்கி தளர்வாகத் தொங்கியதால் உள்ளே காற்று ஓடி, அந்தச் சூடு தோலை அடையும் முன்பே வெளியேறிவிட்டது. கறுப்பிலும் வெள்ளையிலும் உடம்பு பெற்ற வெப்பம் ஏறக்குறைய ஒன்றே. குற்றவாளி நிறமன்று, இறுக்கமும், காற்றுப் புகாத துணியுமே என்று நான் இதிலிருந்து கொள்கிறேன். நம் பெண்கள் இன்று அணியும் கறுப்பு அங்கி பலவும் பாலியஸ்டர். பதூயீனின் தளர்வான அங்கிக்கும் அதற்கும் நிறம் ஒன்றுதான் பொது.

தையற்காரரிடம் போனபோது அளவு பற்றி ஒரு வாதம் நடந்தது. நிற்கவைத்துக் கணுக்கால் வரை அளந்தார். "நின்றுகொண்டே எப்படி மலையேறுவது?" என்று கேட்டேன். வீட்டில் முக்காலியின் மேல் ஒரு காலை வைக்கச் சொல்லி அளந்தபோது, துணியின் ஓரம் மற்றக் காலுக்கடியில் மாட்டுவது தெரிந்தது. நான்கு விரற்கடை குறைத்தோம். அதன்பின் எனக்குத் தோன்றிய சோதனை எளியது: அந்த உடையில் இரண்டு ரக்அத் தொழுது பார்ப்பது. ருகூவில் குனியும்போது முதுகு தெரியக் கூடாது. ஸுஜூதில் முழங்கால் இழுபடக் கூடாது. எழும்போது ஓரத்தை மிதிக்கக் கூடாது. தக்பீருக்குக் கை உயர்த்தும்போது அக்குள் பிடிக்கக் கூடாது. இந்த நான்கும் இடையூறின்றி நிறைவேறிய ஆடை எந்தக் குன்றிலும் ஏறும்.

மகளுக்குச் செங்கல் நிறத்தில் சிறு பூ அச்சிட்ட நீண்ட மேற்சட்டை, முழங்காலிலிருந்து இருபுறமும் பிளவு, உள்ளே தளர்ந்த சல்வார். சிறு பூ ஏன் என்று கேட்டேன். வெளிர் நிறத்தில் பூவில்லாத துணி வியர்வைத் திட்டுகளை ஊருக்கெல்லாம் காட்டும், பூ மறைத்துவிடும் என்றாள். நாற்பதாண்டு ஆடை அணிந்தும் எனக்கு எட்டாத நுட்பம்! அந்தச் செங்கல் நிறம் அவள் மாநிறத்துக்கு எடுப்பாக இருந்தது. மலைப்பாறையில் தொலைவிலிருந்தும் ஆள் தெரியும் என்பது தந்தைக்கு ஆறுதல். முக்காடு பருத்தி வாயில். ஜார்ஜெட் நழுவும், அதைப் பிடிக்க ஒரு கை போய்விடும், மலையில் இரண்டு கையும் வேண்டும்.

மனைவியைச் சம்மதிக்க வைப்பதுதான் பெரும்பாடாயிற்று. "இந்த வயசுல சுரிதார் போட்டா ஊர் சிரிக்காதாங்க?" என்றாள். அவளுக்கு அழகு என்பது கண்ணியம்; அது குறையுமென்றால் அவள் அடிவாரத்திலேயே இருந்துவிடுவாள். எனவே சல்வாரின் மேல், தோள் தையல் தோளிலேயே நிற்கும்படியாக, இடுப்பில் பிடிக்காமல் நேராக விழும் கருநீலப் பருத்தி அங்கி தைத்தோம். மேலும் கீழும் ஒரே நிறமாக இருந்தால் குள்ளமானவர் சற்று உயரமாகத் தெரிவார் என்று மகள் சொன்னது சரியாகவே இருந்தது. கண்ணாடி முன் இரண்டு முறை திரும்பிப் பார்த்துக்கொண்டாள்; நான் பார்க்காததுபோல இருந்தேன். வலப்பக்கம் ஒரு பை வைக்கச் சொன்னோம். பெண்களின் உடைக்குப் பை வைப்பது தையற்காரர்களுக்கு ஏனோ மனம் வராத காரியம்.

காலுக்குக் கான்வாஸ் ஷூ, பருத்திக் காலுறை. ஷூவை மாலையில் வாங்க வேண்டும், பகலெல்லாம் நடந்து கால் சற்று வீங்கியிருக்கும்போது. இறங்கும்போது விரல்கள் முன்னே முட்டும். ஆதலால் காலுறையோடு போட்டு, குதிகாலுக்குப் பின் ஒரு விரல் நுழைகிறதா என்று பார்த்தோம். நகைகளை வீட்டிலேயே விட்டோம்.

தூரத்து மலைகளிலும் தம் உடையை விடாமல் ஏறிய பெண்கள் உண்டு. தென்னமெரிக்காவின் பொலிவியாவில் அய்மாரா குலத்துப் பெண்கள், மலையேறுவோருக்குச் சமையலும் சுமையும் பார்த்து வந்தவர்கள், தாங்களே உச்சி காண முடிவு செய்து 2015-இல் புறப்பட்டார்கள். தங்கள் மரபுப்படியான அகன்ற பாவாடையை விடவில்லை. காலணியையும் தலைக்கவசத்தையும் மட்டும் மலைக்கேற்ப மாற்றிக்கொண்டார்கள். 2019 ஜனவரியில் அக்கண்டத்தின் மிக உயர்ந்த சிகரமான அகோன்காகுவாவிலும் அவர்கள் ஏறினார்கள்.

நனைந்த மலைக்கு நம் முன்னோர் குறிப்பும் இருக்கிறது. இலங்கையில் நம்மவர் பாவா ஆதம் மலை என்றழைக்கும் சிகரத்தில் 1344-இல் ஏறிய இப்னு பதூதா, அங்கே பாய்ந்து ஒட்டும் அட்டைகளைப் பற்றி எழுதுகிறார். அவ்வூரார் எலுமிச்சையைப் பிழிந்து அட்டையை விழச்செய்து, மரக்கத்தியால் இடத்தைச் சுரண்டுவார்களாம். வால்பாறைப் பக்கம் போகிறவர்கள் சல்வார்க் காலைக் காலுறைக்குள் செருகிக்கொள்ளட்டும். எங்கள் பக்கத்துக் குன்றுகளில் அட்டை வாழ ஈரம் ஏது!

முந்தின நாளே மதுரையில் உறவினர் வீட்டில் தங்கி, ஃபஜ்ர் தொழுதுவிட்டுக் கீழக்குயில்குடிக்குச் சென்றோம். முதலில் செட்டிப்புடவு, குகைக்குள் அமர்ந்த தீர்த்தங்கரரையும் அடியிலுள்ள வட்டெழுத்தையும் மகள் விளக்கினாள். பிறகு பாறையில் வெட்டிய படிகளில் பேச்சிப்பள்ளத்துக்கு. இரும்புக் கம்பியை ஒரு கையால் பிடித்து, மறுகையால் அங்கியைத் தூக்க வேண்டிய தேவையே இல்லாமல், என் மனைவி எனக்கு முன்னால் ஏறினாள். சுவரில் வரிசையாக அமர்ந்த சிற்பங்களையும் சுனையையும் பார்த்துவிட்டு, "இன்னும் மேலே வழி இருக்கா?" என்று கேட்டாள். இருந்தது. ஏறினோம். உச்சியிலிருந்து நாகமலையின் நீண்ட முதுகையும் கீழே கண்மாயையும் வெகுநேரம் பார்த்துக்கொண்டு நின்றாள்.

இறங்கிய பிறகு அவள் சொன்ன குறை ஒன்றுதான்: பையின் ஆழம் போதவில்லை, தண்ணீர்ப் போத்தல் இரண்டு முறை வெளியே விழுந்துவிட்டது. அடுத்த அங்கிக்கு ஒரு சாண் ஆழம் வைக்கும்படி தையற்காரரிடம் சொல்லியாயிற்று. தமக்கையாரும் தமக்கொன்று தைக்கச் சொல்லி அளவுச் சட்டை கொடுத்தனுப்பியிருக்கிறார். நிறம் மட்டும் வெள்ளையாக இருக்க வேண்டுமாம்.