குருவிகளுக்கு அரைப் பரப்பு

புத்தூரில் எங்கள் தாய்வழித் தோட்டக்காணி ஏழு பரப்பு. பதினாறு பரப்பு ஓர் ஏக்கர் என்ற யாழ்ப்பாணக் கணக்கை மறந்துவிட்ட புலம்பெயர் வாசகர்களுக்காகச் சொல்கிறேன்: அரை ஏக்கருக்கும் சற்றுக் குறைவு. அந்தக் காணிக்கு 25 குதிரைவலுவில் நான்கு சில்லுச் சிறிய உழவு இயந்திரம் ஒன்றை, அதற்குரிய கருவிகள் அனைத்தோடும் வாங்கித் தரத் தான் ஆயத்தம் என்று ரொறன்ரோவில் வாழும் என் மச்சான் கடந்த ஆவணியில் எழுதியிருந்தார்.

வாங்குவதற்கு ஒரு நிபந்தனையும் இருந்தது. ஏழு பரப்பில் மூன்று பரப்பைப் பறவைகளுக்கென்றே விதைக்க வேண்டும். ஒன்ராறியோவில் நண்பர் ஒருவரின் பண்ணையில் அவர் கண்ட காட்சிதான் காரணம். அங்கே காட்டோரமாகச் சிறு துண்டு நிலங்களை உழுது, மான்களும் காட்டு வான்கோழிகளும் மேய்வதற்காகத் தீவனப்புல்லும் கிழங்குப் பயிர்களும் விதைக்கிறார்கள். (அவற்றிற் பெரும்பாலானவை வேட்டைக்காலத்தை எண்ணி விதைக்கப்படுபவை என்பதை மச்சான் எழுதவில்லை.) பிரித்தானியாவிலோ வயலின் ஓரத்தில் பறவைகளுக்காகத் தானியம் விதைத்துவிடும் விவசாயிக்கு அரசே பணம் கொடுக்கும் திட்டங்கள் உள்ளன. ஆகவே மச்சானின் எண்ணத்தை வெறும் வெளிநாட்டு விநோதம் என்று நான் ஒதுக்கவில்லை.

எந்த இயந்திரம், என்னென்ன கருவிகள் என்று பார்த்துச் சொல்லும் பொறுப்பு எனக்கு வந்தது. பத்திரிகைக்காரனுக்கு எல்லாம் தெரியும் என்பது எங்கள் குடும்பத்தில் நெடுநாளைய நம்பிக்கை.

புத்தூரின் மேற்குப்புறம் செம்மண். கிழக்கே போகப்போக வயலும் உவர்நிலமும். எங்கள் காணி நிலாவரைப் பக்கமாக, சுன்னாகம் வீதியை ஒட்டிய செம்மண் தரையில் இருக்கிறது. பார்வைக்கு ஆழமான மண். ஆனால் கீழே சுண்ணாம்புக்கல். சில இடங்களில் ஒரு முழத்துக்குள்ளேயே தட்டுப்படும். கன்று நடக் குழி தோண்டும் துளைகருவி மச்சானின் பட்டியலில் இருந்தது. அதை முதலில் வெட்டினேன். அடுத்ததாக, முன்னால் பூட்டி மண் அள்ளும் வாளியை வெட்டினேன். ஏழு பரப்பில் அள்ளிக் கொட்டுவதற்கு என்ன இருக்கிறது?

விதைப்புக் கருவியும் தேவையில்லை. சணலையும் தினையையும் கையால் விசிறி, மேலே ஒரு பனை மட்டையையோ பலகையையோ இழுத்தாற் போதும். கடைசியில் மிஞ்சியது சுழல்கலப்பை ஒன்றே. அதைச் சுழற்றப் பெரிய இயந்திரம் வேண்டுமா என்பதுதான் உண்மையான கேள்வி.

நான்கு சில்லு இயந்திரம் எங்கள் காணியை ஒரு மணித்தியாலத்தில் உழுதுவிடும். ஆனால் அது ஒழுங்கைக்குள் நுழையக் கிளுவை வேலியைத் தறிக்க வேண்டும். ஒவ்வொரு முனையிலும் திரும்புவதற்கு இரண்டு பாத்தியும் ஒரு வாய்க்காலும் நசியும். உழுதபின் வருடத்தில் மிச்ச நாளெல்லாம் கொட்டிலில் நிற்கும். நாங்கள் லாண்ட்மாஸ்டர் என்று சொல்லும் இரண்டு சில்லு இயந்திரம் அதே வேலைக்கு ஒரு காலைப்பொழுது எடுக்கும். ஆனால் வாய்க்காலோடு ஒட்டித் திரும்பும். அந்தப் பெயர் ஆங்கிலேயக் கம்பனி ஒன்றினது. இன்று சீனத்து இயந்திரமோ யப்பானிய இயந்திரமோ வந்து நின்றாலும் எங்கள் வாயில் அது லாண்ட்மாஸ்டர்தான். அதற்குப் பின்னால் பூட்டும் பெட்டிதான் உண்மையில் சோறு போடும் கருவி. வெங்காயம் சுன்னாகம் சந்தைக்குப் போவதும், எரு வருவதும், கல்லும் மணலும் ஏறுவதும் அதில்தான்.

சணலைப் பற்றி ஒரு வார்த்தை. பசளைக்காகவும் மாட்டுக்காகவும் எங்கள் பக்கம் விதைக்கும் பயிர் அது. மஞ்சட் பூவுக்குத் தேனீ வரும். 2021இல் இரசாயன உர இறக்குமதி நிறுத்தப்பட்டபோது அதன் பெறுமதி மறுபடி உணரப்பட்டது. ஆனால் சணல் நார்ப்பயிர். பூக்கத் தொடங்கியதும் மடித்து உழாமல் முற்றவிட்டால், தண்டு சுழல்கலப்பையின் அச்சில் கயிறாகச் சுற்றிக்கொள்ளும். பிறகு இயந்திரத்தை நிறுத்தி, கத்தியால் அறுத்து அறுத்து எடுக்க வேண்டியதுதான். 8 குதிரைவலுவானாலும் 25 ஆனாலும் இதில் வேறுபாடில்லை. உழும் நாளைத் தெரிந்துகொள்வதே வேண்டியது.

அந்த நாளைத் தெரிந்தவர் தோட்டக்கார அண்ணர். 1995 ஒக்ரோபர் இடப்பெயர்வில் வலிகாமமே காலியாகி, மறு ஆண்டு சனம் திரும்பியபோது, பற்றை மண்டிக்கிடந்த எங்கள் காணியை மண்வெட்டியால் திருத்தியவர். அன்று முதல் குத்தகைக்குச் செய்துவருகிறார். அவருக்கு ஏழு பரப்பில் மூன்று போவதென்றால் ஏறக்குறைய பாதி வருமானம் போவது. மச்சானின் நீண்ட மின்னஞ்சலில் குதிரைவலு இருந்தது, கொள்வளவு இருந்தது, அண்ணர் இல்லை.

விடயத்தைச் சொன்னபோது அவர் கோபிக்கவில்லை. வெங்காயப் பாத்திக்குத் தண்ணீர் மாறிக்கொண்டே சொன்னார்:

"தம்பி, குருவிக்கு விதைக்கிறதெண்டால் விதையுங்கோ. அதுகளும் தின்னத்தானே வேணும். ஆனால் மயில் வந்துதெண்டால் அது உங்கட வேலியைப் பாத்து நிக்காது. பக்கத்துக் காணிக்காரனுக்கு ஆர் பதில் சொல்லுறது?"

ஒன்ராறியோப் பண்ணைக்கும் புத்தூருக்கும் உள்ள வேறுபாடு முழுவதும் அந்தக் கேள்விக்குள் இருந்தது. அங்கே நூறு ஏக்கருக்கு ஒரு சொந்தக்காரர். இங்கே நாங்கள் தானியம் முற்றவிட்டால் நாலு பக்கமும் நாலு குடும்பங்களின் மிளகாயும் வெங்காயமும். 2025 மார்ச் 15 அன்று காலை 8 மணிக்கு, ஐந்து நிமிடம், தத்தம் காணியில் நிற்கும் குரங்கையும் மயிலையும் எண்ணும்படி அரசு நாடு முழுவதையும் கேட்டது நினைவிருக்கலாம். பலர் சிரித்தார்கள். பயிரைப் பறிகொடுத்தவர்கள் சிரிக்கவில்லை.

ஆகவே மச்சானுக்கு இப்படி எழுதினேன். நான்கு சில்லு வேண்டாம். இரண்டு சில்லு, சுழல்கலப்பை, பெட்டி, இவ்வளவும் போதும். மூன்று பரப்பு வேண்டாம். கிணற்றடியில், வேம்பின் நிழலால் வெங்காயம் ஒழுங்காக விளையாத அரைப் பரப்பில் தினையும் குரக்கனும். மயிலின் கண்ணுக்கு வெளியாய்த் தெரியாத இடம். சிட்டுக்குருவிக்கும் புறாவுக்கும் அது போதும். இரண்டு பரப்பில் மாரிக்குச் சணல். அது அண்ணரின் மண்ணுக்குப் பசளை, தேனீக்குப் பூ. விதை முற்றுமுன் உழப்படுவதால் அயலவருக்குத் தொல்லையுமில்லை. கிளுவை வேலியைத் தறிக்கக் கூடாது. செண்பகமும் புலுனியும் அந்த வேலியில்தான் இருக்கின்றன. உழும் நாளில் இயந்திரத்தின் பின்னால் கொக்கும் மைனாவும் வரிசையாய் வந்து புழுப் பொறுக்குவதைப் படமெடுத்து அனுப்புகிறேன் என்றும் எழுதினேன்.

இரண்டு கிழமை பதில் இல்லை. பிறகு தொலைபேசியில் வந்தார். "மச்சான், நான் ஏதோ பெரிசாய்ச் செய்யலாமெண்டு நினைச்சன்" என்றார். குரலில் ஏமாற்றம் இருந்தது. முப்பது வருடம் பனிக்குள் வேலை செய்தவர் ஊருக்கு அனுப்பும் பொருள் கண்ணுக்குத் தெரிகிற அளவாக இருக்கவேண்டும் என்று எண்ணுவதில் தவறென்ன? கொஞ்சநேரம் கழித்து, இயந்திரத்தை யார் பெயரில் பதிவது என்று கேட்டார்.

அண்ணரின் பெயரில் என்றேன். அவர் அயலவருக்கும் கூலிக்கு உழுதால் டீசலும் திருத்த வேலையும் அதிலேயே கழியும், மிச்சம் அவருக்கு. மச்சான் சம்மதித்தார். காசு வந்திருக்கிறது. ஐப்பசி மழை ஈரம் காயுமுன் எடுத்தாக வேண்டும் என்று அண்ணர் நாளுக்கு இருமுறை தொலைபேசி எடுக்கிறார்.