சில்லறைச் சாமான்

தபால் தலை சேர்க்கிறவர்கள் இருக்கிறார்கள். செல்லாக் காசு சேர்க்கிறவர்கள் இருக்கிறார்கள். அவர்களைப் பற்றிக் கேள்விப்பட்டால் ஊரார் "நல்ல பொழுதுபோக்கு" என்று தலையை ஆட்டுகிறார்கள். அடியேன் சேர்ப்பதோ துப்பாக்கிக்கு எண்ணெய் போடும் பித்தளைக் குப்பிகள். இதைச் சொன்ன மாத்திரத்தில், வந்திருப்பவர் தம் நாற்காலியைச் சிறிது பின்னுக்கு நகர்த்திக்கொள்வதை எத்தனையோ தடவை பார்த்திருக்கிறேன். ஆகையால் நேயர்களுக்கு முதலிலேயே அபயம் அளித்துவிடுகிறேன்: என் வீட்டில் துப்பாக்கி கிடையாது. அதைச் சேர்ந்த ஒரு திருகாணிகூடக் கிடையாது. அதை வைத்துக்கொள்ள எனக்கு உரிமையும் இல்லை. ஏன் இல்லை என்பதுதான் இக்கட்டுரையில் பெரும்பகுதி.

குப்பியின் கதையைச் சொல்கிறேன். நம் நாட்டுப் போலீஸ்காரர்கள் தோளில் மாட்டிக்கொண்டு நின்ற பழைய .303 ரைபிளை நேயர்கள் பார்த்திருப்பீர்கள். அதன் பின்கட்டையின் அடியில் ஒரு பித்தளைத் தகடு. அந்தத் தகட்டில் கட்டை விரலால் தள்ளித் திறக்கும்படி ஒரு சின்னஞ்சிறு கதவு. கதவுக்குள் ஒரு பொந்து. அந்தப் பொந்தில்தான் நம்முடைய குப்பி குடியிருக்கும். விரல் நீளம், திருகு மூடி, மூடியோடு சேர்ந்தாற்போல் எண்ணெய் எடுக்க ஒரு கரண்டி. கூடவே குழலைத் துடைப்பதற்கு ஒரு கயிறும், கயிற்றின் நுனியில் ஒரு பித்தளைக் குண்டும் சுருண்டு கிடக்கும். சிப்பாய் எங்கே போனாலும் அவன் துப்பாக்கி தனக்கு வேண்டிய மருந்தைத் தன் வயிற்றிலேயே சுமந்துகொண்டு போயிற்று. இந்த ஏற்பாட்டைச் செய்தவன் யாரோ, அவன் வீட்டில் கெட்டிக்காரியான ஒரு பாட்டி இருந்திருக்க வேண்டும் என்பது என் அபிப்பிராயம்.

எனக்கு இந்த ரைபிளோடு பரிச்சயம் ஏற்பட்டது காலேஜில். 1962-ம் வருஷத்துச் சீனப் போரில் நம் ஜவான்கள் இமயமலைப் பனியில் இந்த .303-ஐத்தான் பிடித்துப் போரிட்டார்கள். அதற்கு மறு வருஷம் காலேஜ் மாணவர்களுக்கெல்லாம் என்.சி.சி. கட்டாயமாக்கப்பட்டது, 1968-ல் கட்டாயம் நீங்கிற்று. இடைப்பட்ட அந்தக் காலத்தில் மாட்டிக்கொண்டவர்களில் நானும் ஒருவன். எங்களுக்குக் கொடுத்தவை சுட முடியாதபடி செய்யப்பட்ட பயிற்சித் துப்பாக்கிகள். சுட முடியாவிட்டால் என்ன? கனம் குறையவில்லை. ஏறக்குறைய நாலு கிலோ. அதைத் தலைக்கு மேல் தூக்கிக்கொண்டு மைதானத்தைச் சுற்றி ஓடச் சொன்ன ஹவில்தாரை இன்றைக்கும் என் தோள்பட்டை மறக்கவில்லை. ஆனால், அவரேதான் ஒரு நாள் மரநிழலில் உட்கார்ந்து துப்பாக்கியைக் கழற்றிக் காட்டினார். போல்ட், மகஜீன், மேற்கட்டை, முன்கட்டை என்று ஒவ்வொன்றாகச் சமுக்காளத்தில் வரிசையாக வைத்தார். குழலின்மேல் இருந்த முத்திரையையும் காட்டினார்.

அந்த முத்திரை பெரிய விஷயம். வங்காளத்தில் ஹூக்ளி நதிக்கரையில் உள்ள இஷாப்பூரில் வெள்ளைக்காரர்களின் பழைய வெடிமருந்துச் சாலை ஒன்று இருந்தது. அந்த இடத்தில் 1904-ல் துப்பாக்கித் தொழிற்சாலை ஏற்பட்டது. இரண்டு உலகப் போர்களுக்கும் அங்கிருந்து ரைபிள்கள் போயின. அந்நாளில் செய்தவற்றில் கிரீடமும், அதன் கீழே 'ஜி.ஆர்.ஐ.' என்ற எழுத்துக்களும் இருக்கும். ஜார்ஜ் ராஜா, சக்கரவர்த்தி என்று அர்த்தம். சுதந்திரத்திற்குப் பின்னும் அதே தொழிற்சாலை அதே ரைபிளைச் செய்தது. ஆனால் கிரீடம் போய் அசோகரின் சிங்கங்கள் வந்து உட்கார்ந்தன. 'ஜி.ஆர்.ஐ.' போய் 'ஆர்.எஃப்.ஐ.' என்று தொழிற்சாலையின் பெயர் வந்தது. ஹவில்தார் காட்டியது சிங்க முத்திரை. முன்கட்டையின் குறுக்கே போன ஒரு திருகாணியையும் தொட்டுக் காட்டினார். கட்டை பிளந்துவிடாமல் இருப்பதற்காக இஷாப்பூர்த் தொழிலாளிகள் சேர்த்தது அது. சீமையில் செய்தவற்றில் அதைக் காண முடியாது. நேயர்களே, அந்நியன் வரைந்த துப்பாக்கியில் நம்மவன் கை பட்ட இடம் அது ஒன்று. எனக்கு அன்றைக்குப் பிடித்த பைத்தியம் இன்னும் விடவில்லை.

குப்பிகள் எனக்குக் கிடைத்த வழி வேறு. இரண்டாவது உலகப் போரின்போது எங்கள் ரயில் பாதையில் உள்ள ஆவடியில் பெரிய ராணுவ முகாமும் கிடங்கும் இருந்தன. போர் முடிந்ததும் மிஞ்சியவற்றையெல்லாம் ஸர்க்கார் 'டிஸ்போஸல்ஸ்' என்று சொல்லி ஏலம் போட்டது. அந்தச் சாமான்கள் இந்தப் பிரதேசமெங்கும் பரவின. நான் சிறுவனாயிருந்தபோது கடம்பத்தூரில் ஒரு வீட்டில் நெல் விதையைத் தோட்டாப் பெட்டியில் போட்டு வைத்திருந்தார்கள். இன்னொரு வீட்டில் பசுமாட்டை ராணுவக் கான்வாஸ் பட்டையால் கட்டியிருந்தார்கள். அந்தப் பசுவுக்கு அதனால் வீரம் ஒன்றும் ஏற்பட்டதாகத் தெரியவில்லை. என் முதல் குப்பியை ஒரு தையற்காரரிடமிருந்து வாங்கினேன். அவர் அதில் மிஷின் எண்ணெய் வைத்திருந்தார். பிறகு பல வருஷம் சென்னை மூர் மார்க்கெட்டில் அலைந்தேன். 1985-ல் அது எரிந்து போயிற்று. அப்புறம் காயலான் கடைகளே கதி.

இங்கே ஒரு நிமிஷம் கடல் கடந்து போய் வரலாம். அமெரிக்காவிலும் கானடாவிலும் இந்த .303 ரைபிளின் பாகங்களைத் தேடித் தேடிச் சேர்ப்பவர்கள் ஏராளம். இவர்களுக்கெல்லாம் பெரிய தலைவலி போல்ட்டின் தலை. நாலாம் நம்பர் மாதிரி ரைபிளில் இந்தத் தலை பூஜ்யம், ஒன்று, இரண்டு, மூன்று என்று நாலு அளவில் வரும். நாளாக ஆகத் துப்பாக்கி தேய்ந்தால் அடுத்த அளவை மாட்டிச் சரிக்கட்டுவார்கள். எல்லாத் துப்பாக்கிகளும் கிழடாகிவிட்டபடியால் மூன்றாம் நம்பருக்குப் பஞ்சம் வந்துவிட்டது. ஒரு காலத்தில் பீப்பாய் பீப்பாயாக வந்து இறங்கிய சாமான் இது! 2003-ல் நேபாளத்து அரசாங்கத்தின் பழைய ஆயுதக் கிடங்கை அமெரிக்க வியாபாரிகள் அப்படியே விலை பேசி வாங்கினார்கள்; பல்லாயிரம் துப்பாக்கிகள் காட்மாண்டிலிருந்து கப்பலேறின. நம் இஷாப்பூர் ரைபிள்களும் அதற்கு முன்பே அந்தத் தேசத்துக் கடைகளில் விற்றிருக்கின்றன. இப்போது அந்த ஊற்று வற்றிவிட்டது. பழைய கிடங்குகள் காலியாகிவிட்டன. 2001-ல் ஐக்கிய நாடுகள் சபை சிறு ஆயுதங்களைப் பற்றி ஒரு திட்டம் வகுத்த பிறகு, மிஞ்சியதை விற்பதைவிட அழிப்பதே மேல் என்று பல நாடுகள் முடிவு செய்தன. இனித் தலையும் கட்டையும் புதிதாக வருவதற்கில்லை.

நம் நாட்டில் நடந்தது வேறு. இங்கே மிஞ்சிய சாமான் ரசிகர்களிடம் போகவில்லை. போலீஸ் ஆயுத அறைக்குப் போயிற்று. பட்டாளம் புதிய ரைபிளுக்கு மாறியதும் .303 போலீஸுக்கு வந்தது. வந்ததிலிருந்து அதற்கு உதிரிப் பாகம் கிடைப்பது வருஷத்துக்கு வருஷம் கஷ்டமாயிற்று. எங்கள் தெருவில் ஓய்வுபெற்ற ஏட்டையா ஒருவர் இருக்கிறார். ஆயுத அறையில் காலம் தள்ளியவர். அவரிடம் கேட்டேன்.

"வாத்தியார் ஐயா, மூன்று கிழவர்களைக் கொண்டு வந்து படுக்க வைத்து, இரண்டு பேரைக் கொன்று ஒருவரைப் பிழைக்க வைப்பதுதான் எங்கள் வைத்தியம்" என்றார். ஒன்றின் கட்டை, மற்றொன்றின் வில், இன்னொன்றின் போல்ட். ஆனால் போல்ட்டை மாத்திரம் மனம் போனபடி மாற்ற முடியாது. அதன் கைப்பிடி அடியில் வெட்டிய நம்பரும் துப்பாக்கியின் நம்பரும் ஒன்றாக இருக்க வேண்டும். இரண்டும் ஒன்றுக்கொன்று இழைத்துப் பொருத்தியவை. "தாலி கட்டினது மாதிரி" என்றார் ஏட்டையா.

இப்படி ஒட்டுப் போட்டுக்கொண்டே எத்தனை காலம் ஓடிற்று தெரியுமா? 2008-ல் மும்பை ரயில் நிலையத்தில் பயங்கரவாதிகள் புகுந்தபோது காவலர்கள் சிலர் கையில் இருந்தது இதுதான். நவீன இயந்திரத் துப்பாக்கிக்கு எதிரே, ஒவ்வொரு குண்டுக்கும் ஒரு தடவை போல்ட்டை இழுக்க வேண்டிய இந்தப் பழைய ரைபிள்! அந்தச் செய்தியைப் படித்த அன்று என் குப்பிகளைப் பார்க்க எனக்கே பிடிக்கவில்லை. உத்தரப் பிரதேசத்துப் போலீஸார் 2020-ம் வருஷக் குடியரசு தின அணிவகுப்பில்தான் இதற்கு முறையாக விடை கொடுத்தார்கள்.

விடை கொடுத்த பிறகு என்ன ஆகிறது? அங்கேதான் என் மனக்குறை தொடங்குகிறது.

1878-ம் வருஷத்து ஆயுதச் சட்டத்தினால் வெள்ளைக்காரன் நம் தேசத்தையே நிராயுதபாணியாக்கினான். அஹிம்சா மூர்த்தியான காந்தியடிகளே அதைப் பிரிட்டிஷ் ஆட்சியின் கொடுமைகளுள் மிகவும் கறுத்தது என்று கருதினார். 1931-ல் கராச்சிக் காங்கிரஸ் அடிப்படை உரிமைகளை வகுத்தபோது, விதிகளுக்கு உட்பட்டு ஆயுதம் வைத்துக்கொள்ளும் உரிமையையும் சேர்த்துக்கொண்டது. பட்டாளத்துத் தோட்டா பொதுஜனங்களின் துப்பாக்கியில் பொருந்தலாகாது என்பதற்காகவே .315 என்று தனி அளவு ஒன்று இந்நாட்டில் வழங்கி வந்தது என்றால், அவநம்பிக்கை எவ்வளவு ஆழமானது என்று பார்த்துக்கொள்ளுங்கள். சுதந்திரம் வந்தது; 1959-ல் நாமே ஒரு ஆயுதச் சட்டம் செய்துகொண்டோம். அதன்படி ஆயுதத்தின் பாகமும் ஆயுதமே. துப்பாக்கிச் சனியன் என்று நம்மவர் பெயர் வைத்த பயனெட்டுக்கும் கட்டுப்பாடு உண்டு.

இந்தச் சட்டம் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. பள்ளிக்கூடங்களில் குழந்தைகள் சுடப்பட்டுச் சாகும் செய்தி அமெரிக்காவிலிருந்து வரும்போதெல்லாம், மூன்றாம் நம்பர் தலை எனக்குக் கிடைக்காவிட்டால் மிகவும் நல்லது என்றே நினைக்கிறேன். ஆனால் தனி மனிதன் வைத்துக்கொள்ளக் கூடாது என்று சொன்ன ஸர்க்கார், தானாவது வைத்துக்கொள்ள வேண்டாமா? சென்னைக் கோட்டை மியூசியத்தில் துப்பாக்கிகள் இருக்கின்றன. எழும்பூரில் பழைய கமிஷனர் ஆபீஸ் கட்டிடத்தில் 2021-ல் திறந்த காவல் அருங்காட்சியகமும் பார்க்க வேண்டிய இடமே. நான் விரும்புவது, ஒரே ஒரு இஷாப்பூர் ரைபிளைத் திருகாணி திருகாணியாகக் கழற்றி, ஹவில்தார் சமுக்காளத்தில் வைத்ததுபோல், எந்தப் பாகம் யார் கையால் ஏன் மாறிற்று என்று நம் குழந்தைகளுக்குச் சொல்லும் ஒரு கண்ணாடிப் பெட்டி. முழுத் துப்பாக்கி பயத்தை உண்டாக்குகிறது. கழற்றி வைத்தால்தான் அது வேலைப்பாடு என்று தெரிகிறது.

இந்த எண்ணம் வலுத்ததற்குக் காரணம் சென்ற வருஷம் நடந்தது. எங்கள் ஊர் காயலான் கடைக்குச் சுற்றுவட்டாரத்துப் பட்டறைகளின் கழிவு இரும்பெல்லாம் வந்து சேரும். இங்கிருந்து லாரியேறிக் கும்மிடிப்பூண்டிக்குப் போய், அங்கே உலையில் உருகி வீடு கட்டும் கம்பியாகிவிடும். கடைக்காரர் பாய் சாக்கிரதையான மனிதர். 2004-ல் காஜியாபாத் பக்கத்தில் ஓர் இரும்பாலையில் வெளிநாட்டுப் பழைய இரும்போடு வந்த வெடிகுண்டு வெடித்துப் பத்துப் பேர் மாண்டதை அவர் மறக்கவில்லை. மூட்டையைக் கொட்டாமல் எடைபோட மாட்டார். அன்று எனக்கு ஆள் அனுப்பினார்.

"வாத்தியார் ஐயா, இது உங்கள் இனத்துச் சாமான் போலத் தோன்றுகிறது. பதினைந்து ரூபாய் கொடுத்து எடுத்துப் போங்கள்" என்றார்.

பழைய கடைசல் பட்டறைச் சாமான்களுக்கு நடுவே கிடந்தது. துருவும் கிரீஸும் அப்பியிருந்தது. துடைத்துப் பார்த்தேன். .303-ன் போல்ட். கைப்பிடி அடியில் நம்பர் தெளிவாக இருந்தது. ஐம்பது வருஷத்துக்கு மேல் கையால் தொடாத பொருள்! பாய் வேறு வாடிக்கைக்காரரைக் கவனிக்கப் போய்விட்டார். ஜிப்பாப் பை ஆழமானது. ஒரு நிமிஷம் அதைக் கையில் வைத்துக்கொண்டு நின்றேன், நீண்ட நிமிஷந்தான்.

பிறகு ஏட்டையாவை அழைத்துக்கொண்டு, பாயையும் கூட்டிக்கொண்டு போலீஸ் ஸ்டேஷனுக்குப் போனேன். அங்கே இருந்தவர் இளம் வயது ஸப்-இன்ஸ்பெக்டர். மேஜைமேல் வைத்ததைப் புரட்டிப் பார்த்துவிட்டு, "என்ன ஐயா இது, கதவுத் தாழ்ப்பாளா?" என்று கேட்டார். ஏட்டையாவின் முகத்தைப் பார்க்க வேண்டுமே! தம் ஆயுளில் பாதியைத் தாழ்ப்பாளுக்கு எண்ணெய் போட்டே கழித்துவிட்டதுபோல் ஆகிவிட்டது அவருக்கு. ஆனாலும் பொறுமையாக, போல்ட் எப்படிப் போகும், எப்படித் திரும்பும் என்று கையை அசைத்து விளக்கினார். அந்த இளைஞரும் நாற்காலியை முன்னுக்கு இழுத்துப் போட்டுக்கொண்டு கேட்டார். அதற்கப்புறம்தான் மஹஜர் எழுதினார்கள்.

"இதை உருக்கிவிடாமல் மியூசியத்துக்குக் கொடுக்க முடியுமா?" என்று கேட்டேன். மனுப் போடச் சொன்னார்கள். போட்டேன். ஒன்று அங்கே, ஒன்று எழும்பூருக்கு. கண்ணாடிப் பெட்டி யோசனையையும் அதில் விவரமாக எழுதியிருக்கிறேன். பதில் வரவில்லை. மறுபடியும் எழுத வேண்டும்.

வெளியே வந்ததும் பாய், "பதினைந்து ரூபாய் யார் கணக்கில் ஐயா?" என்றார். என் கணக்கில்தான் என்று கொடுத்துவிட்டேன்.