கவ்வாத்துக் கத்தி

தேயிலைத் தோட்டத்திலே கொழுந்து பறிக்கும் பெண்களைப் பற்றிப் பாட்டும் படமும் பெருகியுள்ளன. கவ்வாத்து வெட்டும் ஆண்கள் அவ்வளவாக எவர் கண்ணிலும் பட்டதில்லை. மலைநாட்டின் உயர்ந்த பகுதிகளிலே 4 அல்லது 5 ஆண்டுகளுக்கு ஒருமுறை தேயிலைச் செடியை ஏறத்தாழ 2 அடி உயரத்தில் வெட்டி, இலையற்ற வெறுங்கொம்பாக நிறுத்துவதே அவர்கள் தொழில். என் தந்தையார் அத்தொழிலிலே 32 ஆண்டுகளைக் கழித்தவர். 2006ஆம் ஆண்டில் தோட்டத்தில் பேர் நின்ற பின்னர், நுவரெலியா நகரை அண்டிய வீட்டுத் தோட்டங்களுக்குச் செடி வெட்டச் செல்லலானார். ஏப்ரல் வசந்தகாலம் நெருங்க, அந்நகரத்து வீட்டுக்காரருக்குத் தத்தம் வேலி பற்றிய கவலை பிறக்கும். மார்ச் மாதத்திலே தந்தையாருக்கு ஓய்விராது.

வேலியின் தலை மேசைபோலத் தட்டையாக இருத்தல் வேண்டும் என்பதே பெரும்பாலான வீட்டுக்காரரின் வேண்டுகோள். தந்தையாரோ கத்தரியை எடுக்குமுன் கையை உள்ளே விட்டுச் செடியை விலக்கிப் பார்ப்பார். ஓயாது மழை பெய்யும் ஊரிலே, அடர்ந்த செடியின் உட்புறம் இருண்டு ஈரம் உலராது கிடக்கும், தண்டிலே பாசி படரும், பூஞ்சணம் பற்றும். ஆகவே, பட்டுப்போன குச்சிகளையும் ஒன்றன்மேல் ஒன்று உராயும் கிளைகளையும் முதலிற் களைந்து காற்றுக்கு வழிவிடுவார். தடித்த கொம்பை வெட்டும்போது, மழைநீர் தங்காது வடியுமாறு வெட்டுவாய் சரிந்திருக்கும். வேலியின் அடி அகன்றும் தலை சற்றே ஒடுங்கியும் இருத்தல் வேண்டும்; இல்லையேல் மேலிலைகளின் நிழலில் அடிப்பகுதி மொட்டையாகிவிடும். மே முதல் செப்டெம்பர் வரையான தென்மேல் பருவமழையிலே நுனி தட்டுவதோடு நிறுத்திக்கொள்வார். “மழைக்குள்ள ஆழமா வெட்டுனா புண்ணு ஆறாது, தம்பி” என்பார். கூலி போகிறதே என்று அம்மா முணுமுணுப்பதும் உண்டு.

ஒரு செடியோடு வாழ்நாளைக் கழித்தவர் ஏனைய செடிகளை எவ்வாறு கற்றார் என்பது எனக்கு இன்றும் வியப்பே. ஹைட்ரேஞ்சியா முந்திய ஆண்டுக் கொம்பின் நுனியிலே பூப்பது. மார்ச்சில் அதன் தலையைச் சீவினால் அவ்வாண்டுப் பூ போய்விடும். அசேலியாவைப் பூ முடிந்த கையோடு வெட்டிவிட வேண்டும். இவற்றை அவருக்கு எவரும் சொல்லிக்கொடுக்கவில்லை. தெரியாத செடியாயின் ஓர் ஓரத்தில் ஒரு கிளையை மாத்திரம் வெட்டிவிட்டு, அடுத்த மாதம் வந்து பார்ப்பார்.

2009ஆம் ஆண்டு மார்ச் மாதம் தந்தையார் காய்ச்சலிற் படுத்திருந்தார். பல்கலைக்கழக விடுமுறையில் வீட்டிலிருந்த நான், ஒப்புக்கொண்ட ஒரு வீட்டிற்கு அவருக்குப் பதிலாகச் சென்றேன். அங்கே நீண்டதொரு சைப்பிரஸ் வேலி நடைபாதையினுள் 2 அடி பிதுங்கி நின்றது. கவ்வாத்துக்கு முன் தேயிலை வேரை அயடின் கரைசலில் நனைத்து, நீலம்பாரிக்கும் அளவைக் கொண்டு மாப்பொருள் இருப்பை அறிவது பற்றி நான் படித்திருந்தேன். வேரிலே சேமிப்பு இருக்கும்வரை வெறுங்கொம்பும் துளிர்க்கும் என்ற துணிவோடு, பாதைப்பக்கம் முழுவதையும் பழுப்புக் கட்டை தெரியும்படி கவ்வாத்துக் கத்தியால் வெட்டித் தள்ளினேன். மாலையில் அது நேர்கோடாக நின்றது. எனக்குப் பெருமிதமாகவும் இருந்தது.

சைப்பிரஸ் தேயிலையன்று. பச்சை இலையுள்ள பகுதிக்குள் வெட்டினால் மாத்திரமே அது தழைக்கும். இலையற்ற முதிர்ந்த கட்டை மீண்டும் துளிர்ப்பதில்லை. இரண்டு நாள் கழித்துத் தந்தையார் சென்று பார்த்தார். ஒரு குச்சியை ஒடித்து முகர்ந்துவிட்டு, “இது வராது” என்றார். என்னைக் கடிந்துகொள்ளவில்லை.

ஒரு மாதத்தின் பின் வீட்டுக்கார அம்மா எங்களை அழைத்து, பழுப்பேறிய வேலியைக் காட்டினார். “நாந்தாம்மா வெட்டினேன்” என்றார் தந்தையார். “முப்பது வருஷம் கவ்வாத்து வெட்டினதாச் சொன்னீங்களே, பெரியவர்?” என்று அந்த அம்மா கேட்டார். தந்தையார் தலைகுனிந்து நின்றார். கத்தரியைப் பிடித்தவாறு அவர் பின்னால் நின்ற நான் வாய் திறக்கவில்லை. நிலமோ வீடோ சொந்தமில்லாது லயத்திலே வாழ்ந்தவருக்கு, நல்ல கவ்வாத்துக்காரர் என்ற பெயர் ஒன்றே உடைமையாக இருந்தது. அவ்வீட்டிலிருந்தும் அதனை அடுத்த இரண்டு வீடுகளிலிருந்தும் அவருக்குப் பின்னர் அழைப்பு வரவில்லை. இன்று அங்கே வேலியில்லை; மதில் எழுந்துள்ளது. உண்மையைச் சொல்ல அந்த வாயில்வரை இருமுறை சென்று திரும்பியிருக்கிறேன்.

2018ஆம் ஆண்டில் எங்களுக்கு 7 பேர்ச் நிலத்தில் ஒரு தனி வீடு கிடைத்தது. தந்தையார் எல்லை நெடுகச் சைப்பிரஸ் கன்றுகளை நட்டார். வேறு செடி கிடைக்கவில்லையா என்று கேட்க நினைத்தேன், கேட்கவில்லை. சென்ற மார்ச்சில் ஊருக்குப் போனபோது, வெட்டும்படி என்னிடம் கத்தரியைத் தந்தார். கண்பார்வை மங்கிவிட்டபோதிலும் பக்கத்திலேயே நின்று, ஒவ்வொரு கிளையிலும் பச்சை முடியும் இடத்தை விரலால் தடவி, “இதுக்கு இந்தப் பக்கம்” என்று காட்டிக்கொண்டே வந்தார்.