சாவி அரசருக்கு, பெயர் தச்சருக்கு

வெர்சாய் அரண்மனைக்குப் போகிறவர்கள் முதலில் தேடுவது கண்ணாடி மண்டபத்தைத்தான். நாங்களும் அப்படித்தான் போனோம். ஒரே தலைகள்! கைப்பேசியை உயர்த்திப் பிடித்தால்தான் படம் கிடைக்கும். நல்ல வேளையாக, அரசரின் அந்தரங்க அறைகளை வழிகாட்டியோடு பார்க்கும் தனிச் சுற்றுக்கும் முன்பதிவு செய்திருந்தோம். அங்கே கூட்டம் குறைவு. அங்கேதான் அந்த மேசையைப் பார்த்தேன்.

பதினைந்தாம் லூயிக்காகச் செய்த எழுதுமேசை அது. 1760-இல் தொடங்கி 1769-இல்தான் முடிந்திருக்கிறது. ஒன்பது ஆண்டுகள்! மேசையின் மேற்பகுதியை மூடுவது உருண்டு இறங்கும் மரமூடி. நிறம் நிறமான மெல்லிய மரத்தகடுகளை வெட்டிப் பதித்துப் பூக்களை வரைந்திருக்கிறார்கள். ஓரமெல்லாம் பொன்முலாம் பூசிய வெண்கலம். உச்சியில் இரண்டு பக்கமும் முகம் கொண்ட கடிகாரம். ஒரே சாவியைக் கால் சுற்றுச் சுற்றினால் மூடியும் இழுப்பறைகளும் திறந்துகொள்ளும்.

அரசரின் மேசை என்கிறோம். ஆனால் மரத்திலேயே பதித்த கையெழுத்து அரசருடையது அல்ல. ரீசனெர் என்ற தச்சருடையது.

ழான் ஆன்ரி ரீசனெர் 1734-இல் ஜெர்மனியின் கிளாட்பெக் ஊரில் பிறந்தவர். பிழைப்புத் தேடிப் பாரிசுக்கு வந்து, ஓபென் என்ற தச்சரின் பட்டறையில் சேர்ந்தார். ஓபெனும் ஜெர்மானியரே. இந்த மேசையைத் தொடங்கியவர் அவர்தான். 1763-இல் ஓபென் இறந்துவிட, பட்டறை அவர் மனைவியின் பொறுப்புக்கு வந்தது. பாதியில் நின்ற மேசையை ரீசனெர் முடித்தார். இடையில் முதலாளியின் விதவையை மணந்து பட்டறையையும் ஏற்றார்.

இந்த மேசையின் கால்கள் வளைந்தவை. அடுத்த சில ஆண்டுகளில் மோஸ்தர் மாறியது. பொம்பெயியில் மண்ணைத் தோண்டத் தோண்டப் பழைய ரோமாபுரி வெளிப்பட, பிரெஞ்சுக்காரர்களுக்கு நேர்கோட்டின் மீது மோகம் வந்தது. ரீசனெரும் மாறினார். 1774-இல் அரசரின் தச்சரானார். அடுத்த பத்தாண்டுகளில் அரண்மனைகளுக்கு அவர் கொடுத்த சாமான்கள் 700-க்கும் மேல். அதன்பின், விலை அதிகம் என்று அரண்மனை அதிகாரிகள் வேறு தச்சரிடம் போனார்கள். அரசி மரி அந்துவானெத் மட்டும் அவரை விடவில்லை.

பிறகு புரட்சி வந்தது. வெர்சாய் சாமான்கள் 1793 முதல் ஓராண்டு ஏலம் போயின. தான் செய்தவற்றில் சிலவற்றை ரீசனெரே காசு கொடுத்து வாங்கினார். நல்ல விலைக்கு விற்கலாம் என்ற கணக்கு. ஆனால் வாங்க ஆளில்லை, ரசனை மாறிவிட்டது. 1794-இல் இன்னொரு வேலை கிடைத்தது: அரண்மனைச் சாமான்களில் இருந்த அரச சின்னங்களை அகற்றுவது. தன் கையால் பதித்ததைத் தன் கையாலேயே பெயர்க்க வேண்டும். பெயர்த்தார். 1806-இல் இறந்தார்.

இந்த எழுதுமேசையில் இருந்த அரச முத்திரைகளும் புரட்சிக் காலத்தில் போய், அவை இருந்த இடத்துக்குப் பீங்கான் தகடுகள் வந்தன. தச்சரின் பெயர் மட்டும் அப்படியே இருக்கிறது.

வெளியே வந்தபோது மண்டபத்தில் கூட்டம் இன்னும் குறையவில்லை. நான் இரண்டாம் முறை உள்ளே போகவில்லை.

நீங்கள் போவதென்றால், பாரிசிலிருந்து ஆர்.இ.ஆர். 'சி' ரயிலில் போகலாம். திங்கட்கிழமை அரண்மனைக்கு விடுமுறை. அந்தரங்க அறைகளுக்கு முன்கூட்டியே பதிந்துகொள்ளுங்கள். மேசை முன் நிற்கும்போது அரசரை விட்டுவிட்டுத் தச்சரை நினைத்துக்கொள்ளுங்கள்.