மாவுக்கார அம்மா வழக்கு

கொலை வழக்கில் சந்தேகத்துக்கு ஆளானவர்கள் வக்கீலிடம் வருவது, வழக்கிலிருந்து எப்படியாவது வெளியே வரத்தான். 2017-இல் என் அலுவலகத்துக்கு வந்தவர் மட்டும், "கேஸைத் திறக்கச் சொல்லுங்க சார்" என்றார்.

அவரை எனக்கு ஏழு வருடமாகத் தெரியும். அவருடைய மாமியார், தென்மாவட்ட மாநகரம் ஒன்றில் தனியாக இருந்து இட்லி மாவு அரைத்து விற்றவர். தெருவுக்கே மாவுக்கார அம்மா. 2009-இல் ஒரு மதியம் கழுத்து நெரிக்கப்பட்டு அடுக்களையில் கிடந்தார். தோடு இல்லை, சங்கிலி இல்லை, பீரோ திறந்து கிடந்தது. போலீஸ் பேச்சில் இது ஆதாயக் கொலை. அன்று காலையில்தான் மருமகன் வந்து, வீட்டுப் பங்கு கேட்டுச் சத்தம் போட்டுவிட்டுப் போயிருந்தார். அக்கம்பக்கத்தார் அதைச் சொன்னார்கள். அதன் பிறகு போலீஸ் வேறு யாரையும் மனம் வைத்துத் தேடவில்லை.

2010-இல் அவருக்கு உண்மை கண்டறியும் சோதனை நடத்த அனுமதி கேட்டு மனுப் போட்டார்கள். அந்த ஆண்டு மே 5-ஆம் தேதிதான் செல்வி எதிர் கர்நாடக அரசு வழக்கில், சம்மதமில்லாமல் யாருக்கும் பாலிகிராஃப், நார்கோ சோதனை செய்யக் கூடாது என்று உச்ச நீதிமன்றம் சொல்லியிருந்தது. அந்தத் தீர்ப்பைக் காட்டி எதிர்த்தேன். மனு தள்ளுபடியானது. நீதிமன்றத்தில் ஜெயித்தோம், தெருவில் அவருக்கு 'டெஸ்ட்டுக்குப் பயந்தவன்' என்று பெயர் வந்தது. மனைவி பிள்ளையைக் கூட்டிக்கொண்டு வேறு ஊருக்குப் போய்விட்டார். இன்றைக்கு அதே மனு வந்தாலும் அதே வாதத்தைத்தான் வைப்பேன். ஆனால் அந்த வாதத்துக்கு அவர் கொடுக்கப்போகும் விலையை அன்று நான் அவரிடம் எடுத்துச் சொல்லவில்லை. அது என் மனதில் இருக்கிறது.

2012-இல் 'கண்டுபிடிக்க முடியவில்லை' என்று போலீஸ் இறுதி அறிக்கை போட்டது. அந்த அறிக்கை அவரைக் குற்றவாளி என்று சொல்லவில்லை. இல்லை என்றும் சொல்லவில்லை. பெண்ணுக்கு வரன் பார்க்கிற வயது வந்தபோதுதான் அவர் மறுபடி என்னைத் தேடி வந்தார்.

கொலைக்குக் கால வரம்பு கிடையாது. அப்போது நடைமுறையில் இருந்த குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 173(8) பிரிவு, இறுதி அறிக்கைக்குப் பிறகும் மேல்புலனாய்வுக்கு வழி வைத்திருந்தது. ஆனால் சந்தேக நபர் போய், இப்படி விசாரியுங்கள் என்று உரிமையாகக் கேட்க முடியாது. கேட்கக் கூடியவர் புகார்தாரர். இந்த வழக்கில் புகார் கொடுத்தவர் அந்த அம்மாவின் மகள். அதாவது, இவரைப் பிரிந்துபோன மனைவி.

வழக்கை முடிக்கும் அறிக்கையை ஏற்கும் முன் புகார்தாரருக்குத் தகவல் கொடுத்து, அவர் சொல்வதைக் கேட்க வேண்டும் என்று பகவந்த் சிங் வழக்கில் 1985-லேயே உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. நம் ஊரில் அந்தத் தகவலை ஆர்.சி.எஸ். நோட்டீஸ் என்போம். நீதிமன்றக் கட்டை நகல் எடுத்துப் பார்த்தேன். நோட்டீஸின் முதுகில், 'வீடு பூட்டியிருந்ததால் கதவில் ஒட்டப்பட்டது' என்று எழுதியிருந்தது. எந்த வீடு? அந்த அம்மா கொலையுண்ட வீடு. மூன்று வருடமாக ஆளில்லாமல் பூட்டிக் கிடந்த வீட்டின் கதவில் கொண்டுபோய் ஒட்டியிருந்தார்கள்.

மகளுக்குக் கடிதம் எழுதினேன். வந்தார். நோட்டீஸ் நகலைப் படித்தார். "அவர் சொல்லித்தான் கூப்பிட்டீங்களா?" என்றார். ஆமாம் என்றேன். வெகுநேரம் பேசவில்லை. பிறகு, "செஞ்சவன் கேஸைத் திறக்கச் சொல்வானா சார்?" என்று தனக்குத்தானே கேட்டுக்கொண்டது போலக் கேட்டார். இருவருக்கும் நானே ஆஜராவது முறையல்ல என்பதால், அவருக்கு வேறொரு வழக்கறிஞர் வக்காலத்துப் போட்டார். நீதிமன்றத்துக்கு ஒரு மனு, ஆணையருக்கு ஒரு மனு.

எங்கள் நல்ல நேரம், துப்புத் துலங்காத கொலை வழக்குகளை எல்லாம் மறுபடி எடுத்துப் பார்க்க ஆணையர் அப்போது உத்தரவு போட்டிருந்தார். இது எல்லா வழக்குக்கும் ஒரே மாதிரி நடப்பதில்லை. திருச்சியில் 2012 மார்ச் 29 அன்று அரசியல் பிரமுகர் ஒருவரின் தம்பியான ராமஜெயம் கொல்லப்பட்ட வழக்கு மாநகரப் போலீஸிலிருந்து சி.பி.சி.ஐ.டி.க்கும், பிறகு சி.பி.ஐ.க்கும், 2022-இல் சிறப்புப் புலனாய்வுக் குழுவுக்கும் போனது. மாவு விற்ற கிழவிக்கு அப்படி யார் இருக்கிறார்கள்? மாநகர ஆணையர் அலுவலகத்தில் ஒருவர் பழைய கட்டை அவிழ்த்தால்தான் உண்டு.

அவிழ்த்தவர், இந்த வழக்கை முன்பு தொடாத ஓர் ஆய்வாளர். வழக்கு நாட்குறிப்பைப் பார்க்க எனக்கு உரிமையில்லை. அவர் சொன்னதிலிருந்தும், கடைசியில் நீதிமன்றத்துக்கு வந்த ஆவணங்களிலிருந்தும் தெரிந்துகொண்டதையே எழுதுகிறேன். முதலில் அவர் தேடியது ஆளை அல்ல, படிவம் 95-ஐ. கைப்பற்றிய பொருட்களை நீதிமன்றத்தில் ஒப்படைக்கும் படிவம் அது. அதிலுள்ள பொருட்கள் இன்னும் இருக்கின்றனவா, அழிக்கப்பட்டுவிட்டனவா என்பதைப் பொறுத்துத்தான் பழைய வழக்கின் உயிர். சேலை இருந்தது. ஆனால் ரத்தக்கறையோடு ஈரம் காயாமல் பிளாஸ்டிக் பையில் போட்டுக் கட்டியிருந்தார்கள். நிழலில் உலர்த்திக் காகித உறையில் வைக்க வேண்டிய துணி, பூஞ்சை பிடித்து இற்றுப்போயிருந்தது. டி.என்.ஏ. கிடைக்கவில்லை.

மிஞ்சியது ஒரு விரல்ரேகை. பீரோவுக்குள் இருக்கும் லாக்கர் கதவின் உட்பக்கத்திலிருந்து எடுத்தது. வெளிக் கைப்பிடியில் யார் ரேகை வேண்டுமானாலும் இருக்கலாம். அந்த இடத்தில் வெளியாள் கை படக் காரணமே இல்லை. 2009-இல் ஒப்பிட்டபோது மருமகன் ரேகையோடு பொருந்தவில்லை. பதிவில் இருந்த யாரோடும் பொருந்தவில்லை. அதோடு விட்டுவிட்டார்கள். அவருடையது அல்ல என்பது போலீஸுக்கு ஆரம்பத்திலேயே தெரிந்திருக்கிறது. அதை யாரும் அவர் மனைவியிடம் சொல்லவில்லை. இதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு ஆத்திரம் வருகிறது.

இப்போது மறுபடி தேடியதும் பொருந்தியது. கொலைக்குப் பிறகு வேறொரு மாவட்டத்தில் வீடு புகுந்து திருடிப் பிடிபட்ட ஓர் ஆள். 2009-இல் மாவுக்கார அம்மா வீட்டுக்கு அரிசி மூட்டை இறக்கியவன். அவனுடைய ஊர்ப்பக்க அடகுக் கடைகளில் பழைய பேரேடுகளைப் புரட்டினார்கள். கொலை நடந்த மூன்றாம் நாள் அவன் பெயரில் ஒரு சங்கிலி அடகு வைக்கப்பட்டிருந்தது. மகள் பத்திரமாக வைத்திருந்த நகைக்கடை ரசீதின் எடையும் பேரேட்டின் எடையும் ஒன்றாக இருந்தன.

ஆனால் அந்த ஆள் 2015-லேயே இறந்துபோயிருந்தான். ரேகையும் பேரேடும் வலுவான சான்றுகள்தாம். என்றாலும் அவன் தரப்பைக் கேட்க ஒரு விசாரணை நடக்காமல் போனது வக்கீலாக எனக்குக் குறைதான்.

குற்றம் சாட்டப்பட வேண்டியவர் இறந்துவிட்டதால் நடவடிக்கை கைவிடப்படுகிறது என்று 2019-இல் புதிய இறுதி அறிக்கை வந்தது. இந்த முறை நோட்டீஸ் மகளின் கையில் நேரடியாகக் கொடுக்கப்பட்டது. அறிக்கையில் மருமகனைப் பற்றி ஒரே ஒரு வரி: 'இவருக்கும் சம்பவத்துக்கும் தொடர்பில்லை.' அதன் சான்றிட்ட நகல் மூன்று வேண்டும் என்று அவர் கேட்டார். வாங்கிக் கொடுத்தேன்.

வீட்டில் ஒருவரைக் கொலைக்குப் பறிகொடுத்தவர்கள் இதைப் படித்தால் ஒரு வேண்டுகோள். குற்றவியல் நடைமுறைச் சட்டத்துக்குப் பதிலாக இப்போதுள்ள பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 193-ஆம் பிரிவின்படி, புலனாய்வு எந்த நிலையில் இருக்கிறது என்பதை 90 நாட்களுக்குள் போலீஸ் உங்களுக்குத் தெரிவிக்க வேண்டும். தெரிவிக்காவிட்டால் எழுதிக் கேளுங்கள். வீடு மாறினால் புது முகவரியைக் காவல் நிலையத்திலும் நீதிமன்றத்திலும் எழுதிக் கொடுத்து, ஒப்புகை வாங்கி வையுங்கள்.