வண்டிப்பாதையும் கப்பல் பாதையும்



நம் கம்பம் பள்ளத்தாக்கில் வண்டிப்பாதைத் தகராறு பற்றித் தெரியாதவர்கள் யாரும் இருக்க முடியாது. ரோட்டை ஒட்டிய தோட்டம் ஒருவருடையது. அதைத் தாண்டித்தான் அடுத்தவர் தன் வாழைத் தோப்புக்குப் போக வேண்டும். பத்திரத்தில் 'மாமூல் வண்டிப்பாதை பாத்தியம்' என்று ஒரு வரி இருக்கும். நிலம் அவருக்கு, போகிற உரிமை இவருக்கு. ஆனால் போகத்தான் உரிமை. நடுப்பாதையில் மாட்டை அவிழ்த்துவிட்டு வண்டியை நிறுத்தினால் வம்புதான்.

கடல் சட்டமும் பெரும்பாலும் இதே கதைதான். 1982-ல் உருவான ஐ.நா. கடல் சட்ட உடன்படிக்கையை இந்தியா 1995-ல் ஏற்றுக்கொண்டது. கரையிலிருந்து 12 கடல் மைல், அதாவது சுமார் 22 கிலோமீட்டர் வரை அந்தந்த நாட்டின் கடல். இருந்தாலும் தீங்கு செய்யாமல் அதன் வழியே கடந்து போகப் பிற நாட்டுக் கப்பல்களுக்கு உரிமை உண்டு. நம் நாட்டின் 1976-ஆம் ஆண்டுச் சட்டமும் இதைச் சொல்கிறது. நிபந்தனை ஒன்றுதான்: நிற்காமல், சுணங்காமல் போக வேண்டும். ஆபத்து, இயற்கைச் சீற்றம் போன்ற நெருக்கடி வந்தால் நிற்கலாம். போடி ஏலக்காய் கப்பலேறி வளைகுடாவுக்குப் போவதும் இந்த நம்பிக்கையில்தான்.

இதை ஏன் இப்போது எழுதுகிறேன் என்றால், "பையனைக் கப்பல் வேலைக்கு அனுப்பலாமா சார்?" என்று என்னிடம் படித்தவர்களே இப்போது கேட்கிறார்கள். சம்பளத்தைப் பற்றி நிறையக் கேட்கிறார்கள். சட்டத்தைப் பற்றி யாரும் கேட்பதில்லை. நம் தூத்துக்குடியில் நடந்த ஒரு வழக்கைச் சொல்கிறேன்.

2013 அக்டோபரில் 'சீமேன் கார்டு ஓஹியோ' என்ற கப்பலைக் கடலோரக் காவல்படை மறித்து தூத்துக்குடிக்குக் கொண்டுவந்தது. சோமாலியக் கடற்கொள்ளையர்களுக்குப் பயந்து வணிகக் கப்பல்கள் துப்பாக்கிக் காவலர்களை ஏற்றிச் சென்ற காலம் அது. பல துறைமுகங்கள் ஆயுதத்தை எளிதில் அனுமதிப்பதில்லை. அதனால் காவலர்களையும் ஆயுதங்களையும் கடலிலேயே வைத்திருக்கச் சில கப்பல்கள் இருந்தன. ஓஹியோ அப்படிப்பட்டது. அதில் இருந்தவர்கள் 35 பேர். 12 பேர் இந்தியர்கள், மற்றவர்கள் எஸ்டோனியா, பிரிட்டன், உக்ரைன் நாட்டினர்.

நம் எல்லைக்குள் அனுமதியில்லாமல் ஆயுதத்தோடு நின்றது, உள்ளூர்ப் படகு மூலம் டீசல் வாங்கியது என்று வழக்கு. எல்லைக்கு வெளியேதான் இருந்தோம் என்றது கப்பல் தரப்பு. 2014-ல் மதுரை உயர்நீதிமன்றக் கிளை ஆயுதக் குற்றச்சாட்டுகளை ரத்து செய்தது. 2015-ல் உச்ச நீதிமன்றம், விசாரணை நடக்கட்டும் என்றது. 2016 ஜனவரியில் தூத்துக்குடி நீதிமன்றம் எல்லோருக்கும் ஐந்து ஆண்டு சிறை விதித்தது. 2017 நவம்பரில் அதே மதுரைக் கிளை அத்தனை பேரையும் விடுதலை செய்தது. நம் ஊர்க்காரர்கள் நிலத் தகராறுக்கு பஸ் ஏறிப் போகும் அதே கோர்ட்டுதான்.

நீதி கிடைத்தது, சரி. ஆனால் நான்கு ஆண்டுகள் போய்விட்டன. கப்பலை எங்கே நிறுத்துவது என்று முடிவு செய்வது மாலுமிகள் அல்ல. மாட்டிக்கொண்டது அவர்கள்தான்.

இன்னொரு வழக்கையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். 2012 பிப்ரவரியில் கேரளக் கடலில் 'என்ரிகா லெக்சி' என்ற இத்தாலியக் கப்பலில் இருந்த இத்தாலியக் கடற்படை வீரர்கள் சுட்டதில் நம் மீனவர்கள் இருவர் இறந்தார்கள். அதில் ஒருவர் குமரி மாவட்டத்துக்காரர். அந்த இரு வீரர்களுக்காக இத்தாலி 2015-ல் ஜெர்மனியின் ஹாம்பர்க் நகரில் உள்ள சர்வதேசக் கடல் சட்டத் தீர்ப்பாயம் வரை போனது. 2020-ல் வந்த நடுவர் மன்றத் தீர்ப்பு, அவர்களை இந்தியா விசாரிக்க முடியாது, ஆனால் இத்தாலி இழப்பீடு தர வேண்டும் என்றது. 10 கோடி ரூபாய் வந்தது. போன உயிர்களுக்கு அது ஈடாகுமா என்பது வேறு.

அவர்கள் ஒரு நாட்டின் படைவீரர்கள் என்பது உண்மைதான். ஆனால் கவனியுங்கள், ஓஹியோ கப்பலுக்குச் சொந்தக்காரர் அமெரிக்க நிறுவனம், அதில் பறந்ததோ ஆப்பிரிக்காவின் சியரா லியோன் நாட்டுக் கொடி. இந்தச் சட்டப்படி கப்பலுக்காகவும் அதில் உள்ளவர்களுக்காகவும் வழக்காட வேண்டியது கொடிக்குரிய நாடு. மாலுமி தானாக ஹாம்பர்க் போக முடியாது. சியரா லியோன் போகவில்லை. பாதை பாத்தியம் பத்திரத்தில் இருந்து என்ன, பத்திரக்காரர் கோர்ட்டுக்கு வர வேண்டுமே!

இந்த இரண்டு சம்பவங்களுக்குப் பிறகு கப்பல் உலகமும் மாறியது. கொள்ளையர் அபாயப் பகுதி என்று வரைந்திருந்த கோடு இந்தியக் கரையையும் சேர்த்து 78 டிகிரி தீர்க்கரேகை வரை நீண்டிருந்தது. 2015 டிசம்பரில் அதை மேற்கே 65 டிகிரிக்குத் தள்ளினார்கள். 2023-ல் அந்தப் பகுதியே நீக்கப்படும் வரை, அந்த ஒரு கோட்டைப் பொறுத்தே காப்பீட்டுச் செலவும், காவலர் தேவையும், கப்பல் போகும் வழியும் மாறின. வகுப்பில் உலக உருண்டையைச் சுற்றிக் காட்டி "தீர்க்கரேகை கற்பனைக் கோடு" என்று சொல்லிக் கொடுத்தேனே, நினைவிருக்கிறதா? கோடு கற்பனைதான், அதன் விளைவு கற்பனை இல்லை.

ஆகவே பிள்ளைகளை அனுப்பும் முன் நான்கு கேள்வி கேளுங்கள். ஏஜென்டுக்கு டி.ஜி. ஷிப்பிங் கொடுத்த ஆர்.பி.எஸ்.எல். உரிமம் உண்டா? கப்பலில் எந்த நாட்டுக் கொடி? ஒப்பந்தம் எழுத்தில் கையில் இருக்கிறதா? கைவிடப்பட்டால் நான்கு மாதச் சம்பளமும் ஊர் திரும்பும் செலவும் தரும் காப்பீடு உண்டா? அந்தச் சான்றிதழைக் கப்பலில் எல்லோர் கண்ணிலும் படும்படி வைத்திருக்க வேண்டும் என்பது விதி.

ஒரு சென்ட் நிலம் வாங்கினாலும் வில்லங்கம் போட்டுப் பார்க்கிற ஊர் நம்முடையது. பிள்ளை ஏறும் கப்பலுக்கும் அதைச் செய்வோம். சந்தேகம் இருந்தால் கேளுங்கள், தெரிந்ததைச் சொல்கிறேன்.

அன்புடன்,
உங்கள் சமூக அறிவியல் வாத்தியார்