சீட் பெல்ட் போடாதவருக்கு நஷ்ட ஈடு உண்டா?

சோழவரம் என்றால் பெரியவர்களுக்கு இன்றும் கார் ரேஸ்தான் ஞாபகம் வரும். இரண்டாம் உலகப்போர் காலத்து விமான ஓடுதளத்தில் பல வருடங்கள் பந்தயம் நடந்தது. பிறகு அது இருங்காட்டுக்கோட்டைக்குப் போய்விட்டது. இப்போது இங்கே வேகம் என்றால் கொல்கத்தா நெடுஞ்சாலைதான்.

ஒரு உதாரணம் பார்ப்போம். கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் ஷிப்ட் முடிந்து ஒரு தொழிலாளி காரின் பின்சீட்டில் வருகிறார். பெல்ட் போடவில்லை. திடீரென்று ஒரு லாரி குறுக்கே திரும்ப, கார் அதன்மேல் மோதுகிறது. தப்பு முழுக்க லாரி மேல். ஆனால், "பெல்ட் போடலையே, கேஸ் நிக்காதுங்க" என்று யாராவது சொல்வார்கள். வீட்டிலும் நம்பிவிடுவார்கள். இது சரியா?

முதலில் சட்டம். பின்சீட்டுக்கும் பெல்ட் கட்டாயம். மீறினால் 1000 ரூபாய் அபராதம். 2022 செப்டம்பரில் தொழிலதிபர் சைரஸ் மிஸ்திரி பால்கர் அருகே இறந்தபோது பின்சீட்டில்தான் இருந்தார், பெல்ட் இல்லாமல்.

ஆனால் அபராதம் வேறு, நஷ்ட ஈடு வேறு. ஒரே பைக்கில் மூன்று பேர் போன வழக்கு ஒன்று உண்டு. அதில் உயர்நீதிமன்றம் இழப்பீட்டில் 10 சதவீதம் குறைத்தது. 2020-இல் உச்சநீதிமன்றம் அதை ரத்து செய்தது. விதியை மீறினார் என்பது மட்டும் போதாது. அந்த மீறலுக்கும் விபத்துக்குமோ, அல்லது அவருக்கு ஏற்பட்ட பாதிப்புக்குமோ தொடர்பு இருக்க வேண்டும் என்றது.

இதை நம் தொழிலாளிக்குப் பொருத்திப் பாருங்கள். பெல்ட் போடாததால் விபத்து நடக்கவில்லை. மிச்சம் ஒரே கேள்வி: காயம் அதனால் கூடியதா? முன்சீட்டில் தலை மோதியிருந்தால் கூடியது என்று வாதாடலாம். கதவு நசுங்கி கால் உடைந்திருந்தால் பெல்ட் என்ன செய்யும்? ஆகவே எந்தக் காயம் எப்படி வந்தது என்று சொல்லும் ஆஸ்பத்திரி ரெக்கார்டு மிக முக்கியம்.

இங்கிலாந்தில் 1975-இலேயே டென்னிங் பிரபு இதற்குக் கணக்கே போட்டார். பெல்ட் காயத்தை முழுவதும் தடுத்திருக்கும் என்றால் 25 சதவீதம் குறைப்பு. ஓரளவு குறைத்திருக்கும் என்றால் 15. வித்தியாசமே இல்லை என்றால் குறைப்பும் இல்லை. அந்தக் கணக்குப்படி 10 லட்சத்தில் அதிகபட்சம் இரண்டரை லட்சம்தான் போகும். நம் சட்டத்தில் இப்படி நிலையான சதவீதம் கிடையாது; தீர்ப்பாயம் சாட்சியத்தைப் பார்த்து முடிவு செய்யும்.

பெல்ட் போடுங்கள், பின்சீட்டிலும்தான். போடாமல் அடிபட்டவர் யாராவது கேஸ் நிற்காது என்று சும்மா இருந்தால், உடனே ஒரு வக்கீலைப் பார்க்கச் சொல்லுங்கள். 2022 ஏப்ரலில் அமலுக்கு வந்த திருத்தம் மனு போட 6 மாதம்தான் கெடு வைத்திருக்கிறது.